கழுவாத மத்தி

என் விரல்களில் மத்தி வாசம் இன்னும் போகவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். பள்ளிப் பையின் வார் வரைக்கும் ஏறியிருக்கிறது. "மேல இருக்கிற வீட்டுக்காரம்மா மூக்குக்கு எட்டுறதுக்குள்ள இன்னொரு தடவ கழுவிட்டு வாடி," என்று அம்மா ஜன்னலைச் சாத்துகிறாள். அக்ரஹாரத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, அடுப்பில் மீன் ஏறாது என்று அப்பா ஒப்புக்கொண்டது உனக்குத் தெரியும். அதனால்தான் மீன் என்றால் எனக்கு எப்போதும் உன் வீடு.

இன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மத்தி என்ன தின்கிறது என்ற நம் கேள்வியோடு நான் மட்டும் நின்றேன். நம் அட்டையின் தலையில் இரண்டு பெயர்கள். அதில் உன் பெயரை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. அந்தக் கதையை உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டுப் பாடப்புத்தகத்தில் அது ஒரே வரி. சிறு மீன்கள் மிதவை உயிரிகளைத் தின்கின்றன. பக்கத்தில் ஓர் அம்புக்குறி. வகுப்பில் எல்லோரும் அடிக்கோடு போட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம். நீ மட்டும் அந்த அம்பின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாய். "கண்ணுக்கே தெரியாததை இது எப்படிடீ பொறுக்கித் தின்னும்? ஸ்பூன் வெச்சிருக்கா?"

எனக்கு ஒரு கேள்வி கிடைத்தால் நூலகத்துக்கு ஓடத்தான் தெரியும். ஓடினேன். மத்தி பொறுக்குவதில்லை என்று படித்துவிட்டு வந்து உன்னிடம் சொன்னேன். அது வாயைத் திறந்துகொண்டு நீந்துகிறது. வாய்க்குள் போன நீர் செவுள் வழியே வெளியேறுகிறது. செவுளின் உள்பக்கம் நெருக்கமாக இருக்கும் இழைகள் நீரில் வந்ததைப் பிடித்துக்கொள்கின்றன. கொஞ்சம் பெரிய இரை எதிர்ப்பட்டால் சலிப்பதை விட்டுவிட்டுக் கவ்வவும் செய்யும் என்றேன். நீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய். "புக்குல போட்டா ஆச்சா? நாம பாக்கணும்."

மீன் கடையில் நாம் மத்தி என்றோம். கடைக்காரர் பூதாய் என்றார். இந்தக் கன்னட ஊரில் நமக்கு மீனுக்குக்கூட வீட்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர். பனிக்கட்டிக்கு நடுவிலிருந்து வெள்ளி வெள்ளியாக அள்ளிப் போட்டுக்கொண்டே, "பூனைக்கா?" என்று சிரித்தார். "இல்ல அண்ணா, பரீட்சைக்கு," என்றாய் நீ. அவர் கை நின்றுவிட்டது.

உன் வீட்டில் ஒரு மீனின் செவுள் மூடியைத் திறந்து, வளைவான எலும்பு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாய். எலும்பின் ஒரு பக்கம் சிவப்பு. மறு பக்கம் மெல்லிய, நெருக்கமான பற்கள். "பேன் சீப்புடீ!" என்று கத்தினாய். நான் படித்த நீண்ட பத்தி முழுவதும் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மத்தி தின்றதைப் பார்க்கக் குடல் வேண்டும் என்று நாம் கேட்டிருந்ததால், அதற்குள் உன் அம்மா மற்ற மீன்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது கிண்ணத்தில் குடல்கள் தனியாக, அழகாக, மஞ்சள்பொடியும் கல்லுப்பும் போட்டுப் பிசைந்து கழுவப்பட்டிருந்தன. "படிக்கிற புள்ளைங்க தொடுற சாமான். கவுச்சியோட குடுப்பனா?" என்றார். நாம் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. மீன் என்றால் மஞ்சள் போட்டுக் கழுவியது என்றுதானே நம் கைகளுக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தபோது பொன் நிற உருண்டைகள். ஒன்றோடொன்று ஒட்டியும் தனித்தும், வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு. நூலகப் புத்தகத்தின் எந்தப் படத்திலும் அவை இல்லை. யாரும் கண்டுபிடிக்காததை நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று நீ பெஞ்சைச் சுற்றி ஆடினாய். நான் பெயர் வைத்தேன்: பொன்மிதவை. அட்டையில் பெரிதாக வரைந்து வண்ணம் தீட்டினோம்.

சென்ற ஆண்டுக் கண்காட்சிக்கு நடுவராக வந்தவர் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், நுண்ணோக்கியில் குனிந்தார். பிறகு நம் கிண்ணத்தை மோந்து பார்த்தார். "இது அரிசினா, மக்களே," என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். மஞ்சள்பொடி! பக்கத்து மேசைகளில் எரிமலையும் சொட்டுநீர்ப் பாசனமும் வைத்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. நீ பேனாவை எடுத்தாய். பொன்மிதவை என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் மஞ்சள் என்று எழுதினாய். "நாங்க பாத்ததைத்தான் சார் வரைஞ்சோம். பாத்தது மஞ்சள்னா மஞ்சள். அடுத்த வருஷம் கழுவாத மீன்," என்றாய்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. பள்ளி திறந்ததும் வருகைப்பதிவு எடுத்த மிஸ், உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் அடுத்த பெயருக்குத் தாண்டினார். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் அந்தத் தாண்டலை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை இல்லை.

இந்த ஆண்டு அறிவியல் மிஸ்ஸிடம் போய் மத்தியைத் தொடரப் போகிறேன் என்றேன். போன தடவை நாற்றம் பற்றிப் பெற்றோர் சிலர் புகார் சொன்னார்களாம். "மீனு லேப் ஒளகே பேடா," என்றார். மீன் ஆய்வகத்துக்குள் வரக்கூடாது. "எரிமலை செய்யேன், நன்றாக இருக்கும்." தலையாட்டிவிட்டு வந்தேன். மீன்தானே வரக்கூடாது?

மத்தி வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா கதவைத் திறந்து என்னையும் என் கையிலிருந்த பையையும் பார்த்தார்.

"வா சாமி. ஏங் கண்ணு, இவ்வளவு நாளா எட்டிப் பாக்கல?"

"மீன் அறுக்கணும் அத்தை."

பையை வாங்கி அடுப்படிக்குப் போனார். பழக்கத்தில் அவர் கை மஞ்சள் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தது. அப்படியே நின்றார். டப்பாவை மூடி, மேல் அலமாரியில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

"இன்னொருக்கா மஞ்ச போட்டீனா பாருன்னு என்ற புள்ள மெரட்டீட்டுத்தான் போனா," என்றார். "இந்தா, கவுச்சியோடயே அறு."

அறுத்தேன். இரைப்பையைக் கீறி, உள்ளே இருந்த பச்சையும் பழுப்புமான கூழை உப்புத் தண்ணீரில் கலந்து, காலி மருந்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். அத்தை அந்த மீன்களையே வறுத்துப் போட்டார். பாதிச் சாப்பாட்டில் இரண்டு பேரும் அழுதோம். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

பாட்டிலை மிஸ் முன்னால் வைத்தேன். "இது மீன் இல்லை மிஸ். மீனின் சாப்பாடு." அவர் என்னைத் திட்டுவதா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு ஆய்வகச் சாவியை எடுத்தார்.

நீ பார்த்திருக்க வேண்டும். கூழில் முக்கால்வாசி அடையாளம் தெரியாமல் கரைந்துபோயிருந்தது. அதற்கு நடுவில் கண்ணாடி வட்டங்கள். தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக, துளிக்கூட நசுங்காமல். இவை கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் ஓடுகள். உள்ளே இருந்த உயிரை மத்தி தின்று செரித்துவிட்டது. ஓட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓர் ஓரத்தில், இறால் போன்ற ஏதோ ஒரு குட்டிப் பிராணியின் ஒற்றைக் கால், மயிர் மயிராக. அதைச் சலித்ததா, கவ்வியதா? கவ்வியது என்று நான் சொல்வேன். சீப்பில் தானாக மாட்டியது என்று நீ சண்டைக்கு வருவாய். ஒரு காலை வைத்துச் சொல்ல முடியாது. பதில் எனக்கு இன்னும் தெரியவில்லை. மிஸ்ஸும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

அவர்தான் அட்டையில் உன் பெயரையும் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார். ஓர் அட்டைக்கு இருவர். பெயருள்ள இருவரும் நின்று விளக்க வேண்டும். வேறு ஒருத்தியைச் சேர்த்துக்கொள், இல்லாவிட்டால் போட்டியில் எடுக்க மாட்டார்கள்.

"கேள்வி அவளுடையது மிஸ். அவள் பெயர்தான் முதலில்."

"அவள் இல்லையேம்மா."

"கேள்வி இருக்கிறதே மிஸ்."

"பரிசு கிடைக்காது."

"வேண்டாம்."

இன்று காலை அட்டையை மாட்டினேன். உன் பெயர், அதன் கீழே என் பெயர். கண்ணாடி வட்டங்களின் படத்துக்குப் பக்கத்தில் சென்ற ஆண்டின் பொன் உருண்டைகளையும் ஒட்டியிருந்தேன். நீ அடித்த கோடும் எழுதிய சொல்லும் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே, இது நாங்கள் பார்த்தது, மத்தி தின்றதல்ல என்று எழுதினேன். தவறை ஏன் காட்டுகிறாய் என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். இது இல்லாமல் அது இல்லை என்றேன்.

அதே நடுவர் வந்தார். மஞ்சளைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. "கழுவாத மீன் என்றாளே ஒருத்தி, எங்கே அவள்?" என்று சிரித்தபடி சுற்றிலும் தேடினார். சொன்னேன். அவர் தன் கையிலிருந்த மதிப்பெண் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "சரி, விளக்கு," என்றார். போட்டியில் இல்லாத ஓர் அட்டைக்கு முன்னால் கடைசிவரை நின்று கேட்டார். பாட்டிலைத் திறந்து, கூழை விரலில் தொட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பேன் சீப்பையும் சொன்னேன்.

பரிசு எரிமலைக்குப் போயிற்று. இருக்கட்டும்.

இந்த ஆண்டு அறுத்த மத்தியின் செவுள் எலும்பு ஒன்று காய்ந்து என் ஜியோமெட்ரி பாக்ஸில் கிடக்கிறது. பற்கள் ஒன்றுகூட உதிரவில்லை. வகுப்பில் யாராவது ஒரு வரியை அடிக்கோடிட்டுத் தாண்டும்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பிறகு கையைத் தூக்குகிறேன். முன்பு அந்த வேலை உன்னுடையது; எனக்கு இன்னும் குரல் நடுங்குகிறது. பரவாயில்லை, தூக்குகிறேன்.

கை கழுவினாயா என்று அம்மா மறுபடியும் கேட்கிறாள். மாடியில் வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்கிறது.

இன்றைக்கு இனிமேல் கழுவ மாட்டேன்.