நிலைக்கு நேரே நின்ற இரண்டு கம்புகள்

முதலியார்பேட்டை
12.6.2006

அன்புள்ள பேரன் பிரேம்குமாருக்கு ஆயா எழுதுவது.

அன்றைக்குத் தவளக்குப்பம் கட்டடத்தில் இருந்தவர்கள் பேரை முதலில் எழுதுகிறேன். வீட்டுச் சொந்தக்காரர் கிருஷ்ணசாமி, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். அவர் பெண்சாதி குஞ்சம்மாள். மேஸ்திரி புருஷோத்தமன், உன் தாய்மாமன். தளத்துக்குப் பலகையும் முட்டுக்கம்பும் அடிக்கிற சென்டரிங் வேலை பார்க்கும் காத்தவராயன். சித்தாள் சின்னப்பொண்ணு. நான். உன் அம்மா துர்கா. ஏழே பேர். எட்டாவதாக ஒருத்தன் வந்து நான் பார்த்தேன் என்றால் நம்பாதே.

போனில் இதைச் சொல்ல முடியாது. போன் உன் மாமன் வீட்டில் இருக்கிறது. நான் பேசினால் பக்கத்திலேயே நிற்கிறான். காத்தவராயன் முட்டுக்கம்பை உருவினதால்தான் உன் அம்மா செத்தாள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். போலீசும் அவனைத்தான் உள்ளே வைத்திருக்கிறது. அது பொய். அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணைக்கு அதிகாரி வருகிறார். உள்ளதை நான் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும். மூன்றாவது வரைதான் படித்தேன், எழுத்து கோணலாக இருக்கும். நிதானமாகப் படி.

அது தூண் நிறுத்தி, தளம் போட்டு, அப்புறம் சுவர் எடுக்கிற வீடு. வாசலுக்கு மேலே தளம் ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சவுக்குக் கம்புகள்தான் அதைத் தாங்கின. கான்கிரீட் போட்டுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. எந்தத் தேதி வரைக்கும் கம்பைத் தொடக்கூடாது என்று காத்தவராயன் தூணில் கரியால் எழுதி வைத்திருந்தான். நீ வேலை பார்க்கிற சிங்கப்பூரில் எஞ்சினியர் கையெழுத்து இல்லாமல் ஒரு கம்பையும் அசைக்க முடியாது என்பாயே, இங்கே அந்தக் கரி எழுத்துதான் எல்லாம். எஞ்சினியர் படம் போட்டுக் கொடுத்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை காலையில் வாசல் நிலை வைக்கிற பூசை. நிலைக்கு நேரே இரண்டு கம்பு நின்றது. குஞ்சம்மாள் முகத்தைச் சுளித்தாள். "வாசலுக்கு நேரா இப்படிக் குத்திக்கிட்டு நின்னா வெளங்குமா இந்த வூடு?" என்றாள். உன் மாமன் உடனே எடுக்கச் சொன்னான். காத்தவராயன் மறுத்தான். "பின்னால அழுத்திப் பிடிக்க மேல இன்னும் சுவரு ஏறல மேஸ்திரி. தளம் அந்தரத்துல நிக்குது. நான் கை வைக்க மாட்டேன்" என்றான். "பூசை அரை மணி நேரம். அதுக்குள்ள ஒன் தளம் கால் மொளைச்சு ஓடிடுமாடா?" என்று உன் மாமன் சிரித்தான். சுத்தியலை வாங்கி இரண்டு கம்பையும் அவனே தட்டிவிட்டான். கிருஷ்ணசாமி பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் சாந்துச் சட்டி சுமந்த நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல நேரத்தில் அபசகுனமாகப் பேசுவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

குஞ்சம்மாள் நிலைக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கற்பூரத் தட்டை எடுக்க நகர்ந்தாள். நிலைக்கு அடியில் சாந்து போட உன் அம்மா குனிந்தாள். துணி கிழிகிற மாதிரி மேலே ஒரு சத்தம், அவ்வளவுதான்.

காத்தவராயன்தான் முதலில் பாய்ந்தான். விழுந்த தளத்தைக் கடப்பாரை போட்டு நெம்பினதில் அவன் உள்ளங்கை கிழிந்து தொங்கியது. நானும் சின்னப்பொண்ணும் உன் அம்மா காலைப் பிடித்து இழுத்தோம். அப்போது மூச்சு இருந்தது. "ஓடியாடா" என்று உன் மாமனைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தால், அவன் ஈரச் சாக்கை வைத்துக்கொண்டு தூணில் இருந்த தேதியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது யாரும் தேதியே எழுதவில்லை என்கிறான். சின்னப்பொண்ணும் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அவனை விட்டால் வேலை இல்லை. நேற்று வந்து என் காலைப் பிடித்தான். "ஒரு புள்ளதான் போயிடுச்சி, இன்னொன்னையும் ஜெயிலுக்கு அனுப்பப் போறியாம்மா?" என்று அழுதான். அவன் போனதும் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் மாமன் போன் செய்து, கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பான். நம்பாதே ராஜா. வேளைக்குச் சாப்பிடு. தளத்துக்கு அடியில் போகும்போது மேலே பார்த்துவிட்டுப் போ. நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

குஞ்சம்மாளை ஒரு நாள் விட்டுவிடுவேன். கிருஷ்ணசாமியையும் விட்டுவிடுவேன். கம்பை உருவினதைக்கூட, அகம்பாவம் பிடித்தவன் என்று காலம் போகப் போக விட்டிருப்பேன். அந்தத் தூணைத் துடைத்த கையை மட்டும் என் கட்டை வேகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். அது நான் பெற்று வளர்த்த புருஷோத்தமன் கை.

ஆயா
செல்வாம்பாள்