எண்ணெயை மாற்றிய நண்பனுக்கு

விருதுநகர்க் கடைத்தெருவில் இன்று புரோட்டா எண்ணெயில் பொரியும் மணம் எழுந்ததும், உன் 'பாய் கடை' என்று எண்ணி நின்றுவிட்டேன், நண்பா! அடுப்பருகே வேறொருவர் நின்றார். உன்னிடம் சொல்ல வேண்டியவை மட்டும் நெஞ்சில் கொதித்தெழுந்தன.

ஈராயிரமாம் ஆண்டு பிறந்த புதிது. நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை வாயிலில், நண்பகல் உணவு இடைவேளைக் கூட்டத்தில், மேடைப் பேச்சாளனான நான் ஒலிவாங்கி பிடித்து முழங்கினேன்: "கொழுப்பமிலங்களே புரோஸ்டேட் சுரப்பியில் புற்றை விளைப்பவை! எண்ணெயை மாற்றுங்கள், நோய் அண்டாது!" அரைப் பக்கக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு வந்த வீரம் அது.

நான் பேசும் இடமெல்லாம் வரும் நீ, அன்றும் முன்வரிசையில் நின்றாய். சிறுநீர் தடைபட்டு வருந்திய உன்னை மருத்துவர் குருதிச் சோதனைக்கு அழைத்திருந்தார், நான் அறியேன். மறுநாளே பாமாயிலைக் கொட்டிவிட்டாய். நல்லெண்ணெயில் புரோட்டா பொரித்த ஒரே கடை ஊரில் உன்னுடையது! சோதனைக்கோ போகவில்லை. "எங்க பேச்சாளியே சொல்லிட்டான்ல, டாக்டரு எதுக்கு?" என்றாயாம் மனைவியிடம்.

எட்டுத் திங்கள் கழித்து இடுப்புவலி உன்னை வளைத்தபோது உடன் வந்தேன். புற்றுநோய் எலும்பைத் தொட்டிருந்தது. எண்ணெய்க் கதையை நீ சொன்னதும் மருத்துவர் என்னை நோக்கினார்: "கொழுப்புக்கும் இதுக்கும் தொடர்பு உண்டானு ஆய்வுகளே ஒத்துப்போகலை. எண்ணெய மாத்துனது தப்பில்ல. சோதனையத் தள்ளிப் போட்டதுதான் தப்பு."

வெளியே வந்து நான் கலங்க, நீ சிரித்தாய். "ஏலே, அழுவாத. அதே எடத்துல, அதே மைக்குல போய்ச் சொல்லு."

சொன்னேன்! "அன்று நான் முழங்கியது பிழை!" நீ ஒலிவாங்கியைப் பறித்தாய். "ஒண்ணுக்குப் போக முடியாம முக்குறவுக எத்தன பேரு? கையத் தூக்குங்க. நாந்தேன் மொத ஆளு!" எவரும் அசையவில்லை. "என்னலே, வெடிக்குப் பயப்படாதவுக டாக்டருக்குப் பயப்படுறீக?" சிரிப்பு அதிர்ந்தது. "பாய், எனக்குந்தேன்!" அலுமினியத் தூள் படிந்த ஒரு வெள்ளிக் கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பதினொன்று! எந்தக் கைதட்டலும் என்னை அப்படிச் சிலிர்க்க வைத்ததில்லை.

மறுவாரம் அவர்களை நீயே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாய். இருவருக்கு நோய் தொடக்கத்திலேயே தெரிந்தது, பிழைத்துக்கொண்டார்கள். நீ மூன்றாண்டுகளில் போய்விட்டாய்.

இன்று கூட்டத்தில் எவரேனும் எழுந்து, நான் கல்லாத ஒன்றைக் கேட்டால், கழுத்து நரம்பு புடைக்க முழங்குகிறேன்: "எனக்குத் தெரியாது! அறிந்தவரிடம் கேட்டு வந்து சொல்கிறேன்!" கூட்டம் திகைக்கிறது. நான் குரலைத் தாழ்த்துவதில்லை.