பஞ்சுவுக்காக வேண்டிய மொட்டை

என் அன்பு அண்ணனுக்கு,

உன் பஞ்சு பிழைத்துக்கொண்டான். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்கமாட்டாய்.

நீ போன பிறகு அவன் உன் செருப்பு கிடந்த மூலையை விட்டு எழவில்லை. எங்களுக்கே சோறு இறங்காத நாட்கள். அவனைச் சீவிவிட யாருக்குத் தோன்றும்? பொமரேனியன் நாயை வளர்ப்பது உன் வேலை, கொஞ்சுவது மட்டும் என் வேலை என்று இருந்தவள்தானே நான்? வெளியே வெள்ளைவெளேர் என்றுதான் இருந்தான். உள்ளே காதுக்குப் பின்னாலும் தொடையிடுக்கிலும் முடி சடைபிடித்து, தோல் சிவந்து கசிந்திருந்தது. உண்ணி வேறு. அதிலிருந்து காய்ச்சல்.

அம்மா பயந்துபோய்த் தெருமுனை அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். "இவன் பொயச்சிக்கினா மொட்டை போடறேன் தாயே."

ஆவடி டாக்டர் ஊசி போட்டு, சடையை மட்டும் கத்தரித்தார். "முழுசா மழிச்சிடாதீங்கம்மா. இந்த ஜாதிக்குச் சில சமயம் திரும்ப முளைக்காமலே போயிடும். வெயில்லருந்து தோலைக் காப்பாத்துறதே அந்த முடிதான். தினம் சீவுங்க. குளிப்பாட்டினா அடிமுடி வரைக்கும் காயவைங்க. உண்ணி மருந்தை விட்டுடாதீங்க."

காய்ச்சல் விட்டு அவன் வாலாட்டிய அன்றே, அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நான் வாசலை மறித்தேன்.

"ஆத்தாகிட்ட வாய் உட்டுட்டேன்டி. சும்மா உடுமா அது?"

"மொட்டை போடறேன்னுதானே சொன்ன? யாருக்குன்னு சொன்னியா?"

அம்மா யோசித்தாள். சொல்லவில்லைதான்.

"அப்ப எனக்குப் போடு."

"இன்னாடி பேசற? கல்யாணம் ஆவவேண்டிய பொண்ணு."

"என் முடி மொளைச்சிடும்மா. இவனுது மொளைக்காது. நம்ம ஊட்ல போனது ஒண்ணு போதாதா?"

அம்மா பஞ்சுவைக் கீழே இறக்கிவிட்டு அழுதாள். நானும்தான்.

அம்பத்தூர் கம்பெனியில் எல்லாரும் என் தலையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். பஞ்சு முதலில் என்னைப் பார்த்துக் குரைத்தான், பிறகு தலையை நக்கினான். நீ இருந்திருந்தால் பரங்கிக்காய் என்று கூப்பிட்டே உயிரை எடுத்திருப்பாய். கூப்பிடமாட்டாயா?

ஷிப்ட் முடிந்து எவ்வளவு அலுத்து வந்தாலும், உன் சீப்பை எடுத்துத் தோல் தெரியப் பிரித்துச் சீவுவேன். வெயில் காலத்தில் யார் வந்து என்ன சொன்னாலும் அவன் மேல் கத்தி படவிடமாட்டேன். நீ விட்டுப்போன மாதிரியே அவனை வைத்திருப்பேன், அண்ணா.

உன் மொட்டைத் தங்கச்சி,
கலா