நைலக்ஸ் சூசையம்மாள்

மார்ச் 4, 2024
மந்தின் டவுனில் எங்கள் துணிக்கடையைத் திறந்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாதி ‘மேரி சூசன்’ என்று அடையாள அட்டைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். என் மனைவி திரும்பவே இல்லை. நான் ‘நைலக்ஸ்’ என்றதும் சிரித்தாள். எஸ்டேட் எஸ்டேட்டாக நைலக்ஸ் சேலை விற்றவள், நைலக்ஸ் சூசையம்மாள். மூட்டையை நான் சைக்கிளில் கட்டி மிதித்ததால் சைக்கிள் கேப்ரியல். இன்றைக்கு இரண்டு வேன் ஓடுகிறது. இருந்தும் சைக்கிள்தான்.

மார்ச் 9
மகள் கேரல் வந்தாள். பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். நைலக்ஸ், சைக்கிள் எல்லாம் பொருளின் பெயராம். ஆங்கிலத்தில் அதையே இன்னொரு பெயருக்கு முன்னால் நிறுத்தினால் அடைமொழி வேலை பார்க்குமாம். சைக்கிளை மிதிப்பதற்கும் அதே சொல்தானாம். அந்தச் சொல் நல்ல வேலையாள். கல்லாவில் நிறுத்தினாலும் வேனில் ஏற்றினாலும் முகம் சுளிக்காது.

சூசையம்மாள் கண் திறந்தாள். “எனக்கு மாலை கீலை ஒன்னும் வேணாங்க. நம்ம லயத்து சனம் வந்தா போதும்.”

எஸ்டேட் விற்றுப்போய், லயத்து வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடக்கிறார்கள். வருவார்கள் என்றேன்.

மார்ச் 15
போய்விட்டாள்.

மார்ச் 16
பத்திரிகை அறிவிப்பைக் கேரல் எழுதினாள். ‘தொழிலதிபர் திரு. கேப்ரியலின் மனைவி திருமதி மேரி சூசன்.’ நைலக்ஸ் என்று போடலாமா என்றேன். “அம்மாவுக்குக் கடைசியா ஒரு மரியாதை இருக்கட்டும்ப்பா. பட்டப்பேரு வேணாம்.” சரி என்றேன். தொழிலதிபர் என்ற சொல் எனக்கும் பிடித்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 17
அடக்கம் முடிந்தது. சரக்குக் கொடுப்பவர்கள், கேரலோடு வேலை பார்க்கும் ஆசிரியர்கள். லயத்து முகம் ஒன்றுகூட இல்லை. எத்தனை வீட்டுக் கல்யாணத்துக்குத் துணி சுமந்திருப்பா? ஒருத்தரும் வரலையே — ஏன்?

ஏப்ரல் 2
பழைய லயத்து வள்ளியம்மா சி ரூசாவிலிருந்து பஸ் ஏறிக் கடைக்கு வந்தார். பேத்தி சடங்குக்குச் சேலை வேண்டுமாம். “நைலக்ஸ் அக்கா எங்கண்ணே? உள்ள இருக்காங்களா?”

நான் வாய் திறக்குமுன் சுவரில் அவள் படத்தில் இருந்த மாலையைப் பார்த்துவிட்டார். அப்படியே துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். “படம் கறுப்பா ஒன்னும் வெளங்கல. யாரோ பெரிய எடத்து அம்மான்னு பக்கத்தைத் திருப்பிட்டேண்ணே...”

சேலை எடுக்காமலே போனார்.

ஏப்ரல் 13
முப்பதாம் நாள் பூசை. இம்முறை அறிவிப்பின் முதல் வரியிலேயே ‘நைலக்ஸ் சூசையம்மாள்’. கேரல் தானாகவே போட்டாள். கோயில் கொள்ளாமல் சனம் வாசலில் நின்றது. கேரல் தலை நிமிரவில்லை. எல்லாரும் வந்தாங்க. பாக்கத்தான் அவ இல்ல.

மே 6
அம்பாங்கானில் கல்லறைக் கல்லுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். கல் வெட்டுபவர் எழுத்தைப் பார்த்து, நைலக்ஸ் என்பது கம்பெனிப் பெயரா என்று கேட்டார். “இல்லப்பா. எந்தச் சூசையம்மான்னு நம்ம சனத்துக்குத் தெரியணும்ல.”

கல்லின் கீழ்ப்பாதி எனக்கு. சைக்கிள் கேப்ரியல் என்று இப்போதே வெட்டிவிடச் சொன்னேன். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது.