அரிசி வாளிக்குள் இருந்த கரண்டி

2004 நவம்பர் 16, செவ்வாய்

இன்று நீதிமன்றத்தில் என் மகன் தன் பிள்ளையையே மறியலுக்கு, சிறைக்குள், தள்ளப் பார்த்தான்.

பேரன் சுதனிடம் போதைத்தூள் பிடிபட்ட வழக்கு. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அம்மா இந்த நாட்டு மொழியில் என் மகனிடம் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "விக்கிறவனை வெளியில விடமாட்டாவாம். சனத்தின்ர பாதுகாப்பு முக்கியமாம். பழக்கத்துக்கு அடிமைப்பட்ட பிள்ளையெண்டால் வைத்தியத்துக்கு அனுப்பலாமாம். எப்ப தொடங்கினவர்?"

"எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் அந்தப் பழக்கம் இல்லை!" என்றான் மகன். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறானே, அந்தப் பயம். அப்படியென்றால் விற்கத்தான் வைத்திருந்தான் என்று அந்த அம்மா எழுதிக்கொண்டார். சுதன் தகப்பனுக்குப் பயந்து வாய் திறக்கவில்லை. என்னை மட்டும் பார்த்தான்.

நான் எழும்பினேன். "அம்மா, சும்மா இருங்கோ" என்று மகன் என் கையைப் பிடித்து அமத்தினான். சாகும்வரை இதை மறக்கமாட்டேன்.

எப்போது தொடங்கியதென்று எனக்குத் தெரியும். போன வருடம் கோயில் தேருக்கு அடுத்த நாள். குளியலறையில், தூளை உருக்கி அடி கறுத்த கரண்டியைக் கண்டது நான். மகனிடம் காட்டினேன். "கறி சூடாக்கியிருப்பான்" என்றான். அதை அரிசி வாளிக்குள் ஒளித்ததும் நான்தான்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு. கரண்டி இப்போது என் கைப்பைக்குள் இருக்கிறது. நாளைக் காலையில், அவன் பழக்கத்துக்கு அடிமைப்பட்டவன் என்பதற்குச் சாட்சியாக அதைக் காட்ட, சுதனின் வழக்கறிஞரிடம் தனியாகப் பஸ் ஏறிப் போவேன். சம்பந்தம் குழம்பினால் குழம்பட்டும்.