தட்டு கழுவிய கை

அன்புள்ள தம்பிக்கு,

ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டு கழுவும் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் தட்டுகள் மட்டும் நலமில்லை.

வெளியூர்ப் பயிற்சிக்குக் கிளம்பும்போது, "பக்கத்து மேசை சோடாபுட்டி மேல ஒரு கண்ணு வைங்கக்கா, என் வேலையைக் கெடுக்கிறது அவன்தான்" என்று புகார் எழுதி ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தீர்கள். சந்தேகமாக ஏதாவது பார்த்தால் அதைத் தலைவரிடம் சேர்க்கச் சொன்னீர்கள். சேர்த்தால் சோடாபுட்டிக்கு வேலை போய்விடும் என்றும் சொன்னீர்கள். ஒரு கண் என்ன, இரண்டையும் வைத்தேன்.

முதல் நாளே அவர் சட்டைப்பையில் ஒரு குட்டி பாட்டில். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுதான் எடுக்கிறார். துடைத்த மேசையையே நாலு நாள் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் கண்ணுக்கு விடுகிற மருந்து! என் நாத்தனாரும் இப்படித்தான், இருமல் மருந்தை ஒளித்துக் குடிப்பாள், தித்திப்புக்காக. அது கிடக்கட்டும். போனில் குசுகுசுவென்று பேசுகிறாரே என்று கதவோரம் நின்றேன். "சாப்ட்டியாம்மா?" என்றுதான் காதில் விழுந்தது. அதையும் நான் நம்பவில்லை.

நேற்று உங்கள் தட்டிலேயே கை வைத்தார். மாட்டினார் என்று கிட்டே போனேன். பென்சில் கரியை உரித்து உரித்து ஒரே ஒரு அடுக்காக்கினது போல ஒன்று, கிராஃபீனாம், அது ஒட்டிய தட்டில் கொழுப்பைச் சொட்டு விட்டார். பாலேடு மாதிரி படிய வேண்டியது, படிந்த வேகத்திலேயே பிய்ந்தது. உங்களுக்கும் இப்படித்தானே ஆனது? தட்டை மோந்து பார்த்தவர், "அக்கா, இதை எதுல கழுவினீங்க?" என்றார்.

"சோப்புலதான். பின்ன, கொழுப்பு ஒட்டின தட்டை வெறும் ஸ்பிரிட்லயா கழுவுவாங்க?" என்றேன்.

ஸ்பிரிட் மட்டும் போதும் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பிசுக்கோடு திருப்பித் தர எனக்குக் கை வரவில்லை தம்பி. உங்கள் தட்டு பளபளவென்று இருக்கட்டும் என்று மூன்று மாதமாக ஒவ்வொன்றையும் இரண்டு தரம் தேய்த்தேன். மிச்சமிருக்கும் சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடுமாம்.

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "தண்ணி சரியில்லைன்னு அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் திறக்காதீங்க" என்றார். நீங்கள் வருவதற்குள் உங்கள் தட்டு ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை நாள் மெனக்கெட்டாராம்.

உறை என் துணிப்பெட்டியில் பிரிக்காமல் இருக்கிறது. உள்ளே இருக்கும் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவதென்றால் எழுதுங்கள், வருத்தமில்லை. ஆனால் அப்படி ஒரு உறை இருப்பதே அவருக்குத் தெரியாது. தெரியவே வேண்டாம் தம்பி. நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
சோப்பைத் தூக்கி எறிந்துவிட்ட
அக்கா