ஏழாவது தட்டில் ஒரு மூச்சு

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் அம்மாவும் நானும் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். கப்பல் இருபதாம் தேதி அடுத்த துறைமுகத்தைத் தொடும், அதற்குள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் தபால் பையில் சேர்த்துவிடுகிறோம் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் பல் லேபிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், பிளாஸ்டர் தூள்தான்.

குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. வந்தவர் அரை நிமிடத்தில் வாஷரை மாற்றிவிட்டு அரை மணி நேரம் எங்களுக்கு அறிவுரை சொன்னார். அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடி ஏறும்போது மட்டும் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகத் திட்டுகிறார்.

எனக்கு வேலை நிறைய. ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் பல் செட்டை மூன்றாவது தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். 'ச' என்று சொன்னால் விசில் வருகிறதாம். பல் போனால் சொல் போச்சு என்பார்கள், இவருக்குப் பல் வந்த பிறகுதான் சொல் போயிருக்கிறது என்று முதலாளி சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்கும் தெரிந்தது. சிரித்தேன்.

சென்ற கடிதத்தில் நீங்கள் கேட்டது உங்கள் பாட்டைப் பற்றி. நடுக்கடலில் நெட் கிடைக்காது, கேட்டவர்கள் சொல்வதை ஒன்றுவிடாமல் எழுது, நல்லதைக் கூட்டாதே, கெட்டதைக் குறைக்காதே, எங்கிருந்தெல்லாம் பாதிப்பு என்று கண்டுபிடிக்கிறார்களா பார் என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றரைப் பக்கக் கடிதத்தில் ஒன்றேகால் பக்கம் அதுதான். சரி, எழுதுகிறேன்.

உங்கள் சிநேகிதர் பிரேக் அண்ணன் பாட்டை நெட்டில் ஏற்றி ஐந்து வாரம் ஆகிறது. நீங்கள் தலைப்பு வைக்காமலே கப்பலேறிவிட்டதால் அதன் நீளத்தையே பெயராக்கி 'பதினொன்று நாற்பது' என்று போட்டிருக்கிறார். தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவை கேட்டிருக்கிறார்கள். அதில் நாற்பது தடவை தான்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சனிக்கிழமைதோறும் டிரைவிங் வகுப்பு எடுத்துவிட்டு நம் வீட்டுக்கு வந்து, போனில் இருப்பதை அவர் வாசிக்க, நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். இதுவரை எழுபத்தொரு பேர்.

ஒருவர், முட்டையை அடுப்பில் வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டேன், பாட்டு முடிவதற்குள் முட்டை வெடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் பஸ் ஓட்டுநர். டிப்போவில் உட்கார்ந்து கேட்டாராம். நாலாவது நிமிடத்தில் குரல் நின்று வெறும் கிதாரும் டிரம்ஸும் போய்க்கொண்டே இருக்க, போன் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தாராம். பிறகு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். வண்டி ஆறு நிமிடம் தாமதம், பயணிகள் மன்னிக்கவும் என்று அங்கேயே எழுதியிருக்கிறார். எந்தப் பயணி அதைப் படித்தாரோ தெரியவில்லை.

இசை ஆசிரியர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இது அசல் ப்ராக்ரெசிவ் ராக் வகைதான், ஆனால் கிதார் எழுபதுகளின் வெளிநாட்டுக் குழுக்களிடமிருந்து வந்தது, ஆர்கன் தேவாலயத்திலிருந்து, டிரம்ஸ் ஜாஸிலிருந்து, பேஸ் பழைய சினிமாப் பின்னணி இசையிலிருந்து, சொந்தச் சரக்கு என்று எது இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு பெண், ஐயா, உங்கள் வீட்டில் நீங்கள் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் நீங்களே கண்டுபிடித்ததா என்று பதில் போட்டிருக்கிறாள். அவளை எனக்குப் பிடித்தது.

பெரிய சண்டை தாளத்தில் வரும் அந்த ஏழு தட்டைப் பற்றி. எட்டு வர வேண்டிய இடத்தில் ஏழோடு நிற்கிறதாமே. ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டு நடப்பது போல இருக்கிறது என்கிறார் ஒருவர். அதிலும் ஏழாவது தட்டில் 'உஃப்' என்று ஒரு சத்தம் வருகிறது, அது என்ன வாத்தியம் என்று பத்துப் பன்னிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். புல்லாங்குழல் என்றார் ஒருவர். லாரியின் ஏர் பிரேக் என்றார் இன்னொருவர். நம் அண்ணனுக்கு அதில் ஒரே பெருமை. டிரைவிங் கற்றுக்கொடுத்துக் கொடுத்துப் பட்டம் வாங்கிய பிரேக், பாட்டிலும் வந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கேட்டால் அழுகை வருகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அதையும் நோட்டில் எழுதினேன். எழுதி அடிக்கோடு போட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உங்கள் அம்மாவின் அபிப்பிராயத்தையும் எழுத வேண்டும். ஏற்றிய அன்றே அண்ணன் அவருக்குப் போட்டுக் காட்டினார். முழுவதும் கேட்டுவிட்டு, சுதி சேர்த்து முடிச்சாச்சு, பாட்டை எப்போ ஆரம்பிப்பீங்க என்று கேட்டார். அண்ணன் முகம் சுருங்கிப் போனது. ஆனால் அடுத்த நாளிலிருந்து அத்தை காய் நறுக்கும்போதெல்லாம் அதைத்தான் போட்டுக்கொள்கிறார். அந்த நேரத்தில் நான் துணி காயப்போட மாடிக்குப் போய்விடுவேன். காய வைக்கத் துணி இல்லாத நாட்களிலும் போனேன்.

ஆமாம். உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். எழுபத்தொரு பேர் சொன்னதை எழுதிவைத்த நான் பாட்டைக் கேட்கவே இல்லை.

நீங்கள் அதை எப்போது செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எட்டாம் மாதத்தில் நம் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்கும் நீங்கள் கப்பலேறியதற்கும் நடுவில் ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் காலையில் எழுந்ததும் கிதாரோடு அண்ணனுடைய கிடங்குக்குப் போய்விடுவீர்கள். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். போகட்டும், மனுஷருக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாட்டு என்னிடமிருந்து போவதற்கு நீங்கள் தேடிய வழி என்றுதான் நினைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை பதினோரு மணிக்கு அண்ணன் வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். யாரோ ஒருவர், இந்த மெட்டு திருட்டு, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வெளிநாட்டு இசைத்தட்டிலிருந்து அப்படியே சுட்டது, என்னிடம் அந்த இசைத்தட்டு இருக்கிறது என்று எழுதிவிட்டாராம். ஒரே நாளில் இருபது பேர் சேர்ந்துகொண்டார்கள். இசை ஆசிரியர், நான் அப்போதே சொன்னேனே என்கிறார்.

"அவன் இதை எங்கேருந்து எடுத்தான்னு உங்ககிட்ட ஏதாவது சொன்னானாம்மா?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் எதையும் சொல்லவில்லை அண்ணா என்றேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு, "அப்போ ஒரு தடவை நீங்களே கேட்டுப் பாருங்க. பழைய நோட்டு, பழைய டேப்பு, ஏதாவது ஞாபகம் வரும்" என்று சொல்லிப் போனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மாடிக்குப் போக எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை. உட்கார்ந்தேன்.

முதல் நாலு நிமிடம் எனக்குப் பெரிதாக ஒன்றும் புரியவில்லை. பிறகு குரல் நின்றது. கிதார் தனியாக வந்தது. ஆறு தட்டு, ஒரு ஊதல். ஆறு தட்டு, ஒரு ஊதல். மூன்றாவது சுரம் கொஞ்சம் கீழே இறங்கி நின்றது.

டாக்டர் நின்று வேலை செய்யக் கூடாது என்று சொன்ன பிறகு லேப் வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து இதே மேசையில்தான் செய்துகொண்டிருந்தேன். மெழுகில் பல் பதித்துச் செதுக்குவேன். வயிற்றில் அவள் உதைக்க ஆரம்பித்தால் கை ஆடும், பல் கோணும். அவளைச் சமாதானப்படுத்த வாய்க்கு வந்ததை முனகுவேன். ஆறு தட்டு முனகிவிட்டு, கத்தியில் சேர்ந்த மெழுகுத் துருவலை 'உஃப்' என்று ஊதுவேன். மறுபடி ஆறு. எனக்குச் சுருதி எப்போதும் மூன்றாவது இடத்தில் சறுக்கும், சின்ன வயதில் பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவிலிருந்து என்னை எடுத்ததே அதற்குத்தான். நீங்கள் எதிரே காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து கிதாரைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். எதையும் கேட்கவில்லை என்றல்லவா நினைத்தேன். என் சறுக்கலைக்கூட விடாமல் வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி ஒருவர், வேண்டுமென்றே தாழ்த்திய அபார சுரம் என்று எழுதியிருந்தார். என் கையாலேயே அதை நோட்டில் எழுதியிருக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் அத்தை கத்தியைக் கீழே வைத்தார். "உன் முனகல்தானே அது? எனக்கு மொத நாளே தெரியும். நீயா வந்து கேட்கட்டும்னு இருந்தேன்" என்றார். மீண்டும் பீன்ஸை எடுத்துக்கொண்டார். தினமும் அவர் கேட்டுக்கொண்டிருந்தது எதை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணனுக்கு விஷயம் விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் துள்ளி எழுந்தார். நீங்கள் ஒரு தடவை முனகுங்கள், பதிவு செய்து போட்டுவிடுகிறேன், எல்லார் வாயும் அடைபடும் என்று போனை என் முன்னால் நீட்டினார். உங்கள் பெயரைக் காப்பாற்றத்தானே என்று நானும் வாயைத் திறந்தேன். ஆறு தட்டும் வரவில்லை. ஏழாவதில் ஊதினேன். அது மட்டும் வந்தது.

அண்ணன் பதிவை நிறுத்திவிட்டார். பதிவானதை என் கண் முன்னாலேயே அழித்தார். டீ குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் திருட்டு என்று எழுதிய ஆளுக்குக் கீழே, எடுத்த இடம் எங்களுக்குத் தெரியும், சொல்லமாட்டோம் என்று ஒரு வரி போட்டிருக்கிறார். அந்த ஆள் பதிலுக்குச் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டு நிரப்பியிருக்கிறார். இன்றுவரை நிலவரம் இதுதான். நீங்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்றால் அண்ணனுக்கு எழுதுங்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். திருட்டு என்று சொன்னவர் முழுக்கத் தப்பாகவும் சொல்லவில்லை. பறிகொடுத்த ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

அன்று முழுவதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சோறு வடித்தேன், துணி மடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்க்கும்போது கோபம் வந்தது. ஐந்து மாதத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அது. அதனால் அதை அடக்காமல் அப்படியே எழுதுகிறேன். முகம் தெரியாத தொள்ளாயிரம் பேருக்குப் பதினோரு நிமிடம் சொல்ல உங்களிடம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும் வரை காரில் என்னிடம் சொன்னது, பெல்ட் போட்டுக்கோ என்பது மட்டும்தான். நானும் பேசவில்லை. உங்கள்மேல் மட்டும் பழி போட மாட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைத்து, தொடாமலே இருந்துவிட்டோம்.

நீங்கள் கேட்காததால் நான் சொல்லாதது ஒன்று உண்டு. நீங்கள் கீழே கவுண்ட்டரில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது நர்ஸ் அவளை ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். கால் மணி நேரம் இருக்கும். நீங்கள் மேலே வருவதற்குள் எடுத்துப் போய்விட்டார்கள். அவள் முகத்தைப் பார்த்தது நம் வீட்டில் நான் ஒருத்திதான். அத்தைகூடக் கேட்கவில்லை. என்னிடம் கேட்கக் கூடாது என்று எல்லோரும் பேசிவைத்துக்கொண்டது போல இருக்கிறீர்கள்.

அவள் எப்படி இருந்தாள் என்பதை இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. எதிரே ஒரு ஆள் இருந்தால் வரும் என்று தோன்றுகிறது.

கம்பெனி அலுவலகத்தில் உங்கள் ஒப்பந்தத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கும் தாள் தயாராக இருப்பதாகச் சொன்னார்கள். அது அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வருமாம். நல்ல எலெக்ட்ரீஷியன், விட மனசில்லை என்று அங்கே வேலை செய்யும் அம்மாள் சொன்னார். நீங்கள் என்ன நினைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கையெழுத்துப் போடாதீர்கள். நான் இதுவரை உங்களிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வாருங்கள். பையைக் கீழே வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, என் எதிரே உட்காருங்கள். அவள் எப்படி இருந்தாள் என்று கேளுங்கள்.

கடல் உங்களுக்குக் குறை வைக்காமல் கரை சேர்க்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி